ஸ்பைடர்-மேன் 2: பீட்டரின் சக்தி ஏன் போனது என்று படம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி

சாம் ரெய்மி இயக்கி 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்-மேன் 2’, எனக்குத் தெரிந்த சூப்பர்ஹீரோ படங்களின் இரண்டாம் பாகங்களில் மிகச் சிறந்தது. முதல் பாகம் கதாநாயகனை உருவாக்கும் வேலையிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டுவிடுகிறது. இரண்டாம் பாகமோ, அவன் அந்த வாழ்க்கையை எப்படித் தாங்குகிறான் என்பதை மட்டும் பேசுகிறது. பீட்டர் பார்க்கர் பீட்சா விநியோக வேலையை இழக்கிறான், வாடகை பாக்கி வைக்கிறான், கல்லூரிக்குத் தாமதமாகப் போகிறான், காதலித்த மேரி ஜேனின் நாடகத்தைக்கூட உரிய நேரத்தில் போய்ப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நிறுத்தப்படுகிறான். இவ்வளவு சங்கடங்களை அடுக்கியும் படம் எங்கும் தொய்வதில்லை.

எனக்குள்ள ஒரே ஐயம் இதுதான். நடுவில் அவனுடைய சக்தி போய்விடுகிறது. வலை வராமல் பாதி வழியில் கீழே விழுகிறான். இதற்கான காரணத்தைப் படம் வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. இது திரைக்கதையின் குறையா, திட்டமிட்டுச் செய்ததா?

பதில் 1

திட்டமிட்டதுதான் என்பது என் கருத்து. மருத்துவரிடம் போகும் காட்சியில், தன் சிக்கலை ஒரு கனவு என்றும், பிறகு நண்பனுடைய கனவு என்றும் மழுப்பியபடியே பீட்டர் சொல்கிறான். உடலில் கோளாறு எதுவும் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்பதைப் பார்வையாளர் புரிந்துகொள்ள அதுவே போதும். ரசாயனம், கதிர்வீச்சு என்று ஏதாவதொரு விளக்கத்தை நுழைத்திருந்தால், மாற்று மருந்து தேடும் வழக்கமான கதையாக இது சுருங்கியிருக்கும்.

திரைக்கதையை எழுதிய ஆல்வின் சார்ஜென்ட், ‘ஆர்டினரி பீப்பிள்’ என்ற குடும்பக் கதைக்காக ஆஸ்கர் பெற்றவர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். தன்னை வளர்த்த பெரியவர் பென் இறந்ததில் தனக்கும் பங்குண்டு என்று பீட்டர் சாப்பாட்டு மேசையில் ஒப்புக்கொள்ளும்போது, பென்னின் மனைவி மே ஆன்ட்டி திட்டுவதுமில்லை, அழுவதுமில்லை. கையை விலக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். மே ஆன்ட்டியாக நடித்த ரோஸ்மேரி ஹாரிஸ் அந்த இடத்தில் ஒரு வசனமும் பேசாமல் செய்துகாட்டுவதைப் படத்தின் எந்தச் சண்டைக் காட்சியாலும் மிஞ்ச முடியவில்லை. தொலைபேசிக் காட்சியும் அப்படிப்பட்டதுதான். போட்ட காசு தீர்ந்து இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகுதான், மேரி ஜேனிடம் சொல்ல வேண்டிய உண்மையை அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

படத்தின் வில்லனாக மாறும் விஞ்ஞானி ஆக்டேவியஸும் இதே கேள்வியின் மறுபக்கம்தான். ஆல்ஃபிரட் மொலினா அவரை முதலில் மனைவியோடு சிரித்துப் பேசும் அன்பான ஆசிரியராக நிறுத்திவிடுகிறார். அதனால்தான் அவருடைய வீழ்ச்சி நம்மை உறுத்துகிறது. அணுக்கரு இணைவால் ஆற்றல் தரும் உலை என்ற கனவை விட முடியாததால் அவர் அழிவை நோக்கிப் போகிறார். பீட்டரோ கனவைக் காப்பதற்காகக் கடமையை விட்டுப் பார்க்கிறான். இறுதியில், சரியானதைச் செய்வதற்காக, ஆசைப்பட்டதைக்கூட இழக்க நேரும் என்று பீட்டர் எடுத்துச் சொன்ன பிறகு, உலையை ஆற்றில் மூழ்கடிப்பவர் ஆக்டேவியஸ்தான். கதாநாயகன் வில்லனை அடித்து வீழ்த்தி வெல்வதாக அமையாத முடிவு இந்த வகைப் படங்களில் அரிது.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் சண்டைக் காட்சிகளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். ஆக்டேவியஸின் இயந்திரக் கரங்கள் முழுக்கக் கணினியில் வரைந்தவை அல்ல. பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் உண்மையான கரங்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே இயக்கியிருக்கிறார்கள். அவை மொலினாவின் முகத்தருகே வந்து எதையோ கிசுகிசுப்பதுபோல் தோன்றுவதற்கு அந்த உழைப்பே காரணம். மருத்துவமனையில் அவை விழித்துக்கொள்ளும் காட்சி, பின்னணி இசையைத் தவிர்த்து அலறல்களையும் நிழல்களையும் மட்டும் நம்பி எடுக்கப்பட்டது. திகில் படங்களில் தொழில் கற்ற இயக்குநர் என்பதை ரெய்மி அங்கே மறைக்கவே இல்லை. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

ரயில் காட்சியின் பெரும்பகுதிக்கு சிகாகோவின் உயர்மட்ட ரயில் பாதையைத்தான் பயன்படுத்தினார்கள். நியூயார்க் கதையில் அந்தப் பாதை எங்கிருந்து வந்தது என்று புவியியல் தெரிந்தவர்கள் குறை சொல்லலாம், சொல்லட்டும். ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுபவனைப் பயணிகள் தலைக்கு மேல் தாங்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் சின்னப் பையன் அல்லவா என்று திகைக்கிறார்கள். அதுவரை அவன் தனியாகச் சுமந்த ரகசியத்தை ஒரு பெட்டி நிறைய மனிதர்கள் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள்.

பதில் 3

படம் எனக்கும் பிடிக்கும் என்றாலும், இதை ஒப்பற்றது என்று சொல்ல முன்வர மாட்டேன். காதலுக்காகச் சக்தியைத் துறக்கும் கதாநாயகனை 1980ஆம் ஆண்டின் ‘சூப்பர்மேன் 2’ முன்பே காட்டிவிட்டது. அத்துடன், பீட்டரின் சக்தி திரும்பி வரும் இடம் மிக வசதியாக அமைந்திருக்கிறது. உணவகத்தில் கார் ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறது, மேரி ஜேன் கடத்தப்படுகிறாள், உடனே பார்வை தெளிகிறது. மனச்சிக்கலால் போன சக்தி என்று ஒப்புக்கொண்டாலும், ஒரே நொடியில் மனம் நேராகிவிடுமா?

கேள்வி கேட்டவர்

விளக்கங்களுக்கு நன்றி. ‘சூப்பர்மேன் 2’இல் ஓர் அறைக்குள் நுழைந்து இயந்திரத்தின் உதவியால் சக்தியைத் துறக்கிறார், இங்கே அது தானாகக் கசிந்து போகிறது, அதனால் இரண்டும் ஒரே கதை என்று எனக்குத் தோன்றவில்லை. சக்தி திரும்புவது ஒரே நொடியில் நடப்பதாகவும் நான் எண்ணவில்லை. அதற்கு முன்பே, சக்தி இல்லாத நிலையில் எரியும் கட்டடத்துக்குள் ஓடி ஒரு குழந்தையைத் தூக்கி வருகிறான்; பிறகு, நான்காவது மாடியில் இன்னொருவர் சிக்கி இறந்துபோனதைத் தீயணைப்பு வீரர்களின் பேச்சிலிருந்து அறிகிறான். அவன் முடிவு மாறத் தொடங்குவது அங்கேதான். மே ஆன்ட்டியின் பேச்சு அதை உறுதிப்படுத்துகிறது. உணவகத்துக் கார் வருவதற்குள் மனம் ஏறக்குறைய திரும்பிவிட்டது. ஆனாலும் அந்தக் கார் சற்றே வசதியான நேரத்தில்தான் பாய்கிறது என்பதை மறுக்க மாட்டேன்.