புதுப்பிப்பு: 3 அடி மீன் தொட்டி லீக், காரணம் கிடைச்சிருச்சு

போன வாரம் காலைல எழுந்தா தொட்டிக்கு கீழ தண்ணி தேங்கி நிக்குது, கண்ணாடிய ஒட்டுற சிலிக்கான் பசை விட்டுப்போச்சான்னு கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

டிஷ்யூ பேப்பர சுத்தி ஒட்டி வைங்கன்னு ஒரு அண்ணா சொன்னது தான் கைகொடுத்துச்சு. நாலு மூலையும் காஞ்சே இருந்துச்சு, ஆனா ராத்திரி கரண்ட் போனதும் ஏர் பம்ப் கிட்ட வெச்ச பேப்பர் மட்டும் சொதசொதன்னு ஆயிருச்சு. பம்ப் கீழ் தட்டுல இருந்ததால கரண்ட் நின்னதும் டியூப் வழியா தண்ணி திரும்பி இறங்கியிருக்கு, கண்ணாடில ஒரு குறையும் இல்ல.

நான்-ரிட்டர்ன் வால்வு (காத்த ஒரு பக்கமா மட்டும் விடும், தண்ணிய திரும்பி வர விடாது) ஒண்ணு டியூப்ல மாட்டி, பம்ப்பையும் தண்ணி மட்டத்துக்கு மேல ஷெல்ஃப்ல ஏத்திட்டேன். வால்வுல அம்புக்குறி தொட்டிய பாத்து இருக்கணும், திருப்பி மாட்டினா குமிழியே வராது. அப்புறம் 2 தடவ கரண்ட் போச்சு, ஒரு சொட்டு கூட இறங்கல.

எதிர்பாக்காதது ஸ்டாண்டு தான். அடிப்பக்க பிளைவுட் ஊதி, அடுக்கு அடுக்கா பிரிஞ்சிருக்கு, விரல் வெச்சு அழுத்தினா உள்ள போகுது. 120 லிட்டருக்கு மேல தண்ணியோட வெயிட்ட அது தாங்காது, அதனால தொட்டிய காலி பண்ணிட்டு இரும்பு ஸ்டாண்டு அடிக்க சொல்லியிருக்கேன், மீனெல்லாம் இப்போதைக்கு டப்புல பத்திரமா இருக்கு.