டச்சு குடியானவர் ஓவியங்களில் நீதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் குடித்துக் கும்மாளமிடும் குடியானவர்கள் நிறைய வருகிறார்கள். ஒரு படம் கண்டிக்கிறதா, சும்மா சிரிக்க வைக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: முதலில் படத்துக்குள் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். டச்சு ஓவியர் யான் ஸ்டேன் 1663இல் வரைந்து, இப்போது வியன்னாவில் இருக்கும் படத்தில், கீழே வலப்பக்கம் ஒரு சிலேட்டுப் பலகையில் 'செழிப்பில் எச்சரிக்கை' என்ற பழமொழி தொடங்குகிறது. பிறகு அண்ணாந்து பாருங்கள்: தலைக்கு மேல் தொங்கும் கூடையில் ஊன்றுகோலும், தொழுநோயாளிகள் தாங்கள் வருவதை அறிவிக்க ஒலித்த கிலுக்கும். இந்தக் குடும்பத்துக்குக் காத்திருப்பது அந்த வறுமையும் நோயும்தான். கடிகாரத்தோடு விளையாடும் குரங்கு, மேசைமேல் ஏறித் தின்னும் நாய், தூங்கிவிட்ட வீட்டுக்காரி எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. (அது வசதியான வீடு, குடிசை அல்ல, ஆனால் படிக்கும் முறை ஒன்றே.)

பதில் 2: கவனம், பலர் சறுக்குவது இங்கேதான். முட்டையோட்டையோ புகைக்குழாயையோ கண்டதும் அகராதி பார்ப்பதுபோல் 'காமம்', 'நிலையாமை' என்று எழுதிவிடுகிறார்கள். தனிப் பொருள் எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று ஒத்துப்போக வேண்டும். தலைப்பையும் நம்பாதீர்கள், பெரும்பாலும் பிற்காலத்தவர் வைத்தது.

பதில் 3: குடியானவர்களை நிறைய வரைந்த டச்சு ஓவியர் அட்ரியான் ஃபான் ஓஸ்டாடேயின் படங்களைக் கால வரிசையாகப் பாருங்கள். 1630களில் இருட்டுக் கொட்டகை, அடிதடி. 1650க்குப் பின் ஜன்னல் வெளிச்சம், குழந்தையோடு அமைதியான வீடு. பிந்தையதில் கண்டனம் தேடுவது வீண் என்பேன்.