வியாழன் மாதிரி பெரிய கோள் நட்சத்திரத்துக்கு அவ்ளோ கிட்ட எப்படி போச்சு?

வான்நோக்கி:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைய குடையுற சந்தேகம் இது. சூரியனுக்கு கிட்ட சூடு ஜாஸ்தி அதனால அங்க பாறைக் கோள்தான் உருவாகும், தூரத்துல குளிர்ல வியாழன் சனி மாதிரி வாயுக் கோள் உருவாகும்னு ஸ்கூல்ல படிச்சோம். ஆனா 1995ல மேயரும் கெலோவும் கண்டுபிடிச்ச 51 பெகாசி பி இருக்கே, அது வியாழன்ல கிட்டத்தட்ட பாதி எடை, ஆனா அதோட நட்சத்திரத்தை 4.2 நாள்லயே ஒரு சுத்து சுத்திடுது. நம்ம புதனுக்கே 88 நாள் ஆகுது! அப்போ அங்கயே பொறந்துச்சா, இல்ல வெளிய பொறந்து உள்ள வந்துச்சா? வந்துச்சுன்னா ஏன் நட்சத்திரத்துல போய் விழாம அங்க நின்னுச்சு? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

தூசித்தட்டு:
நல்ல கேள்வி நண்பா. ஸ்கூல் பாடம் தப்பு இல்ல, பாதியில நின்னுடுச்சு, அவ்ளோதான்.

புதுசா பொறந்த நட்சத்திரத்தை சுத்தி வாயுவும் தூசியும் சேர்ந்த ஒரு தட்டு இருக்கும். 2014ல ஆல்மா தொலைநோக்கி எடுத்த ஹெச்எல் டாரி படத்தை தேடிப் பாருங்க, ஒரு 450 ஒளியாண்டு தூரத்துல, பத்து லட்சம் வயசு கூட இருக்காதுன்னு சொல்ற நட்சத்திரம், அதுக்கே தட்டுல வரிசையா வளையம் வளையமா இருட்டு இடைவெளி விழுந்திருக்கு. கோள் வேலை அவ்ளோ சீக்கிரம் ஆரம்பிச்சிருக்கலாம்னு அந்தப் படம் வந்த பிறகுதான் பலருக்கும் தோணுச்சு. தண்ணி உறையுற எல்லைக்கு வெளிய பனியும் சேர்றதால திடப்பொருள் நிறைய கிடைக்கும், கோளோட கரு, அதாவது நடுவுல இருக்கற திட உருண்டை, சீக்கிரம் வளரும், பூமி மாதிரி சுமார் 10 மடங்கு எடை வந்துட்டா சுத்தி இருக்கற ஹைட்ரஜன் ஹீலியத்தை மளமளன்னு இழுத்துக்கும். ஆனா அந்த வாயு சில மில்லியன் வருஷம்தான் இருக்கும், மிஞ்சிப் போனா 10 மில்லியன். அதுக்குள்ள வேலை முடியணும்.

நட்சத்திரத்துக்கு பக்கத்துல பெரிய கரு வளர அவ்ளோ சரக்கு கிடைக்கறது ரொம்ப கஷ்டம், அதனால வெளிய பொறந்து உள்ள வந்ததுன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. பெரிய கோள் தட்டுல சுருள் சுருளா அலை கிளப்பும், அந்த அலையோட ஈர்ப்பு கோளையே திருப்பி இழுக்கும், அதோட கோண உந்தம் (சுத்துற உந்தம்) குறைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ள சரியும். ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்கல்ல, நட்சத்திரத்தோட காந்தப்புலம் தனக்கு பக்கத்துல இருக்கற வாயுவை காலி பண்ணி ஒரு ஓட்டை மாதிரி வச்சிருக்கும், கோள் அந்த விளிம்புக்கு வந்ததும் தள்ள ஆள் இல்ல, அங்கயே தங்கிடும்.

நீலக்கோள்:
மேல சொன்னது சரிதான், ஆனா எல்லா சூடான வியாழனுக்கும் (நட்சத்திரத்துக்கு ரொம்ப கிட்ட இருக்கற வியாழன் மாதிரி பெரிய கோளுக்கு இதான் பேரு) அதையே சொல்ல முடியாதுங்க. ஹெச்டி 80606 பி பாருங்க, 111 நாள் சுத்து, பாதை கிட்டத்தட்ட ஊசி மாதிரி நீளம், நீள்வட்டத்தன்மை 0.93. ஒரு முனையில நட்சத்திரத்துக்கு உரசுற மாதிரி வந்துட்டு இன்னொரு முனையில பூமி தூரத்துக்கு கிட்ட போகுது. தட்டுல மெதுவா சரிஞ்சு வந்தா இப்படி ஆகாது, வேற ஏதோ ஒண்ணு அதை இழுத்து விட்டிருக்கணும், அந்த நட்சத்திரத்துக்கு ஒரு ஜோடி நட்சத்திரமும் இருக்கு. இப்படி நீண்ட பாதையில கிட்ட வரும்போதெல்லாம் கோள் நெளிஞ்சு ஆற்றலை இழக்கும், கடைசியில பாதை சுருங்கி வட்டமாயிடும். நட்சத்திரம் சுழல்ற திசைக்கு எதிரா சுத்துற கோள்கள் கூட இருக்கு, அதுக்கும் இந்தக் கதைதான் பொருந்தும்.

ஆனா வாஸ்ப்-47ன்ற நட்சத்திரத்துல சூடான வியாழனுக்கு உள்பக்கமே ஒரு சின்ன கோள் இருக்கு, ஒரு நாள் கூட ஆகாம சுத்துது. பெரியவன் முரட்டுத்தனமா உள்ள பாஞ்சிருந்தா அது பிழைச்சிருக்காது. ஆக ரெண்டு வழியும் நடக்குதுன்னுதான் நான் நம்புறேன்.

வான்நோக்கி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! இன்னொண்ணு. இடம் மாறுது சரி, கோளே மாறுமா? கோடிக்கணக்கான வருஷம் யாரும் உக்காந்து பாக்க முடியாதே, எப்படி கண்டுபிடிக்கறாங்க?

தூசித்தட்டு:
மாறும், நல்லாவே மாறும். ஒரே கோளை பாக்க முடியாது, ஆனா வேற வேற வயசு நட்சத்திரங்களை பாக்கலாம். பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து பன்னெண்டாம் கிளாஸ் வரைக்கும் ஒரே நாள்ல எட்டிப் பாத்தா பசங்க எப்படி வளருவாங்கன்னு தெரிஞ்சிடும் இல்லையா, அதே வழிதான்.

பிடிஎஸ் 70ன்ற நட்சத்திரத்துக்கு ஒரு 5 மில்லியன் வயசு இருக்கும், அதை சுத்தி ரெண்டு கோள் இன்னும் வாயு இழுத்துட்டே இருக்கறத நேரடியா படம் எடுத்திருக்காங்க. வி1298 டாவ் அதை விட கொஞ்சம் மூத்தது, 20 மில்லியனுக்கு மேல, அதோட நாலு கோளும் உப்பிப் போய் நெப்டியூன்ல இருந்து வியாழன் வரைக்குமான சைஸ்ல இருக்கு, எடை பாத்தா அவ்ளோ இல்ல. வயசான நட்சத்திரங்களுக்கு பக்கத்துல அந்த மாதிரி உப்பின கூட்டம் கிடைக்கறதே அபூர்வம், அப்போ இதுங்க சுருங்கும்னுதான அர்த்தம்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 2017ல கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடிச்ச கோள்களோட சைஸை துல்லியமா அளந்தப்போ வெளிய வந்த இடைவெளி. பூமியை விட ஒன்றரை மடங்கு சைஸ் வரைக்கும் நிறைய கோள், ரெண்டு மடங்குக்கு மேல நிறைய கோள், நடுவுல மட்டும் குறைவு. எடையில ஒரு சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே கோள் ரொம்ப குண்டா தெரியும், அதை இழந்துட்டா வெறும் பாறை, நடுவுல நிக்கறது கஷ்டம். எப்படி இழக்குதுன்றதுல சண்டை இருக்கு, இளம் நட்சத்திரத்தோட எக்ஸ்ரே முதல் 100 மில்லியன் வருஷத்துல ஊதித் தள்ளுதுன்னு ஒரு கட்சி, கோளோட உள்சூடே மெதுவா வெளியேத்துதுன்னு இன்னொரு கட்சி. ஜிஜே 436 பின்ற கோள் இப்பவே ஹைட்ரஜனை வால் மாதிரி விட்டுட்டு போறத ஹபிள் பாத்திருக்கு, ஆனா அந்த வேகத்துல அது முழுசா காலியாகாது.

நீலக்கோள்:
சூடான வியாழனுக்கு ஒரு முடிவும் இருக்கு, அதை மனுஷ ஆயுசுலயே அளந்திருக்காங்க. வாஸ்ப்-12 பி ஒரு சுத்துக்கு 26 மணி நேரம்தான் எடுத்துக்குது, அந்த நேரம் வருஷத்துக்கு சுமார் 29 மில்லி வினாடி குறையுது. பல வருஷம் நட்சத்திரத்தை மறைக்கற நேரத்தை குறிச்சு வச்சா வித்தியாசம் நிமிஷக் கணக்குல தெரிஞ்சிடும். இதே போக்குல போனா சில மில்லியன் வருஷத்துல உள்ள விழுந்துடும். 2022ல கெப்ளர்-1658 பியும் சுருங்குதுன்னு சொன்னாங்க, அதோட நட்சத்திரம் வயசாகி வீங்க ஆரம்பிச்சது. 51 பெகாசி பில அப்படி எதுவும் இதுவரைக்கும் பிடிபடல.