குட்டி பேஸ் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்

பதினான்கு வருடமாக மெல்லிசைக் குழுவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார், வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, எல்லாம்தான். இத்தனை நாளும் 34 அங்குல பேஸ் (ஸ்ட்ரிங் அதிரும் பகுதியின் நீளம் அது). என் கை சின்னக் கை. போன வைகாசியில் ஒரு ரிசப்ஷனில் நாலாவது மணி நேரம் போய்க்கொண்டிருந்தபோது இடது சுண்டுவிரல் மரத்துப்போய், எந்த ஃப்ரெட்டை (நெக்கில் உள்ள குறுக்குக் கட்டம்) அழுத்துகிறேன் என்றே தெரியாமல் வாசித்தேன். பாடிக்கொண்டிருந்தவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரமே பெங்களூருக்குப் பஸ் ஏறி, பழையது ஒன்று, 30 அங்குலம், வாங்கிவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டே கிருஷ்ணகிரி வரைக்கும் வந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஓசூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது வீணைல சேர்ந்ததா?"

கைக்கு நிம்மதி என்பது உண்மை. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டிலும் சுண்டுவிரலை நாலாவது ஃப்ரெட்டிலும் வைத்தால் 34 அங்குலத்தில் கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் விரிக்க வேண்டும், இதில் 11.4 போதும். ஒன்றரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். நாலு மணி நேரம் வாசித்தவனிடம் கேளுங்கள்.

முதல் கச்சேரியில் பையைத் திறந்ததும் கீபோர்டு அண்ணன், "என்னடா, பையனோடதை மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். சவுண்ட் செக்கில் ஈ ஸ்ட்ரிங்கை, இருப்பதிலேயே தடித்ததை, தட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடுகிறது, ஃப்ரெட்டில் மோதி கடகடவென்று சத்தம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே ஸ்ட்ரிங், அதே சுருதி, நீளம் மட்டும் குறைந்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.78. அதாவது 22 சதவீதம் தொய்வு. ஆடாமல் என்ன செய்யும்!

உங்களுக்கெல்லாம் இது எப்படிப் போனது? என்னென்ன மாற்றினீர்கள்?

ஓசூர், நைட் ஷிஃப்ட்

அண்ணா, உங்கள் ஈ ஸ்ட்ரிங் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும். நான் அதைவிடப் பெரிய கூத்து பண்ணியிருக்கிறேன்.

கடையில் குட்டி பேஸுக்கான செட் இல்லை என்றார்கள். "இதையே வெட்டிப் போட்டுக்கலாம் சார்" என்று 34 அங்குல செட்டைக் கையில் கொடுத்தார்கள். வெட்டலாம்தான், ஆனால் எப்படி வெட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. கட்டிங் பிளையரால் நேராக நறுக்கிவிட்டேன். மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியிலிருந்து வழுக்கி, அந்த ஸ்ட்ரிங் செத்துப்போனது. தட்டினால் சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். முதலில் 90 டிகிரி மடக்கிவிட்டு, மடக்கிய இடத்துக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மடக்கி வெட்டினாலும் இன்னொரு தொல்லை உண்டு. நீள ஸ்ட்ரிங்கின் தடித்த பகுதியே சுருதி முறுக்கும் கீயில் போய்ச் சுற்றும். என் பேஸில் கீயின் பிளவுக்குள் அது நுழையவே இல்லை, அமுக்கித் திணித்ததில் மேல்சுற்று விரிந்துபோனது. இரண்டு ஸ்ட்ரிங் பணம் தண்ணீர்.

அதனால் வாங்குவதற்கு முன் டேப் எடுத்து, ஸ்ட்ரிங்கின் அடிமுனைக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் பள்ளத்தில் உட்காரும் கட்டை) வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். தடித்த பகுதி நட்டைக் கொஞ்சம் தாண்டி, கீயைத் தொடுவதற்குள் மெலிய வேண்டும். இப்போது நான் போட்டிருப்பது குட்டி பேஸுக்கென்றே வரும் ஃப்ளாட்வவுண்ட் (மேல்சுற்று தட்டையாக இருக்கும் ஸ்ட்ரிங்), தடிமன் 50-இலிருந்து 105 வரை (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு). முன்பு ஈ 100-ஆக இருந்தது. தடிமன் 5 சதவீதம் ஏறினால் எடை சுமார் 10 சதவீதம் ஏறும், இழுவிசையும் அதே அளவு ஏறும். போன 22-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் திரும்பி வந்த மாதிரி.

ஆனால் 105 நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்தேன். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பள்ளம் ஆழமாகி, திறந்த ஈ முதல் ஃப்ரெட்டில் இரைய ஆரம்பித்தது. என் மனைவியின் அடுக்களையிலிருந்து ஆப்ப சோடா ஒரு சிட்டிகை எடுத்துப் பள்ளத்தில் நிரப்பி, மேலே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டேன். அந்த நிமிடமே கல் மாதிரி இறுகிவிடும் (புகை வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்). மறுபடி மெதுவாகத் தேய்த்துச் சரி பண்ணினேன். ஒரு வருடம் ஆகிறது, இன்னும் அப்படியே நிற்கிறது. கனமான ஸ்ட்ரிங் போட்டதும் நெக் முன்னால் வளையும், அதை நிமிர்த்த நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள்.

பாலக்கோடு

நான் வாங்கினேன், மூன்றே மாதத்தில் விற்றுவிட்டேன். இப்போதைய பாட்டுக்கெல்லாம் ஈ-க்கும் கீழே ஒலிக்கும் ஐந்தாவது ஸ்ட்ரிங், கீழ் பி, வேண்டியிருக்கிறது. 30 அங்குலத்தில் அது வெறும் குழைவு. உங்களுக்குச் சரிப்பட்டால் சந்தோஷம்.

எலத்தகிரி பாடற்குழு

பாலக்கோட்டு அண்ணா சொல்வது நியாயம்தான். நாலு ஸ்ட்ரிங்கில் முடிகிற பாட்டு வாசிப்பவர்களுக்கே இது. கோவிலில் நாங்கள் பாடுவது எல்லாமே நாலில் முடிந்துவிடும்.

நான் ஆரம்பித்ததே இபனெஸ் மிக்ரோவில், 28.6 அங்குலம், உங்களுடையதைவிடச் சின்னது. பாடற்குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி, இஞ்சினியரிங் படிப்பவர், "அக்கா, இது குழந்தைங்க கத்துக்கிற பேஸ், சீக்கிரம் மாத்திடுங்க" என்றார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்தது எது என்று கேட்டேன். தெரியவில்லை. 1961-இல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர், வயலின் வடிவம், 30 அங்குலம். அவர் இடதுகைக்காரர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்றுதான் அதை எடுத்தாராம். 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்தது. 2024-இல் அந்தச் செய்தி வந்த அன்று நான் என் மிக்ரோவைத் துடைத்து வைத்தேன், ஏன் என்று கேட்காதீர்கள். கிரீம் என்ற ராக் குழுவின் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் இபி-3 குட்டிதான். ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக்கும் 30.75 அங்குலம்தான், அவர் வாசிக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு யாராவது குழந்தை பேஸ் என்று சொல்லட்டும்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். இப்போது ஞாயிறு பயிற்சிக்கு என்னுடையதைத்தான் கடன் கேட்கிறார்.

நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை. தவக்காலத்தில் டிரம்ஸ் கிடையாது, பாட்டு மெதுவாகப் போகும், பேஸ் நீண்டு ஒலித்தால் பாடுபவர்களை மூடிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விரல் அகலம் வெட்டி, பிரிட்ஜுக்கு (ஸ்ட்ரிங்குகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி) பக்கத்தில் ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் செருகிவிட்டேன். தும் தும் என்று வட்டமாக விழுந்து உடனே அடங்குகிறது, பழைய பாட்டுகளில் கேட்கும் பேஸ் மாதிரி. புது ஸ்பாஞ்ச் எடுங்கள். நான் முதலில் பழையதை எடுத்து, பூசை முழுக்க விம் வாசனையோடு வாசித்தேன்.

தர்மபுரி, ரேடியோ டிவி பழுது

எல்லாரும் ஸ்ட்ரிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். விலை குறைந்த குட்டி பேஸ்களில் பலவற்றில் ஒரே ஒரு சிங்கிள் காயில் பிக்கப்தான் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்). மண்டபத்தில் சீரியல் லைட், டிம்மர், பழைய டியூப் லைட் சோக், எல்லாம் சேர்ந்து அதற்குள் புகுந்துகொள்ளும். எனக்கு வந்த ஒன்று, பல்லவி நின்றதும் தேனீக்கூடு மாதிரி இரைந்தது.

பிக்கப் இருக்கும் குழியைத் திறந்து உள்ளே முழுவதும் காப்பர் டேப் ஒட்டினேன். ஒட்டியும் குறையவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தொடர்பே இல்லை, அந்த டேப்பின் பசை மின்சாரம் கடத்தாதது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சால்டர் வைத்து, எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்த்ததும் இரைச்சல் பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி போகாது. காப்பர் தடுப்பது ஒரு வகை இரைச்சலைத்தான், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஊமை உறுமலைக் காந்தப்புலம் நேராகக் காயிலுக்குள் கொண்டுவந்துவிடும். அதற்கு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட வேண்டும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பி நின்று வாசிக்க வேண்டும். திரும்பி நிற்பது இலவசம்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு பண்டிகைக் கச்சேரியில் ஜெனரேட்டருக்கு எர்த் அடிக்கவே இல்லை. பேஸ் வாசித்துக்கொண்டே மைக்கில் கோரஸ் பாடப் போனேன், உதட்டில் பளீரென்று ஒரு அடி. ஒரு நிமிடம் ஊமையாக நின்றேன், கோரஸும் போச்சு. பேஸின் ஸ்ட்ரிங்குகள் எர்த்தோடு சேர்ந்தவை, மைக்கின் உடம்பும் அப்படித்தான், இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் நடுவில் நம் உதடு. அன்றைக்கு மண்ணில் கம்பி அடித்துத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மேடை ஏறினேன். அதிலிருந்து டெஸ்டர் பையிலேயே இருக்கிறது, மைக்கை முதலில் அது தொடும், பிறகுதான் நான்.

பென்னாகரம்

படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் கச்சேரிக்காரன் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பாரதக் கூத்து நடக்கும், என் மாமா ஹார்மோனியம். ஒரு நாள் ராத்திரி, சும்மா ஒரு ஆசைக்கு, ஓரமாக உட்கார்ந்து பேஸ் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "மத்தளத்துக்கு மேல சத்தம் வராம இருந்தா சரி" என்றார்.

டியூனர் வைத்துச் சுத்தமாக மீட்டி வைத்திருந்தேன். மாமா ஹார்மோனியத்தை அமுக்கினார், ஒன்றும் சேரவில்லை. அந்தப் பெட்டி என் தாத்தா காலத்தது, ஏறக்குறைய அரை சுருதி ஏறியே நிற்கும், அதற்குத்தான் கூத்தாடிகள் எல்லாரும் பழகியிருக்கிறார்கள். பெட்டியை இறக்க முடியாது. நாலு ஸ்ட்ரிங்கையும் அரை சுருதி ஏற்றினேன். 34 அங்குலமாக இருந்தால் நெக்கை நினைத்துப் பயந்திருப்பேன், குட்டியில் ஏற்றிய பிறகும் நீள பேஸின் சாதாரண இழுவிசையைத் தொடவில்லை. வேடிக்கை என்னவென்றால், காவேரிப்பட்டணத்துக்காரர் சொன்ன அதே தொய்ந்த ஈ, அரை சுருதி ஏறியதும் 12 சதவீதம் இறுகி, அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றது. விடியற்காலை நாலரை வரை வாசித்தேன். துரியோதனன் வேடம் கட்டியவர் இறங்கி வந்து, "அது என்ன, வயித்துக்குள்ள வந்து தட்டுது" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

காவேரிப்பட்டணம்

ஓசூர்த் தம்பி சொன்ன 105 செட் வாங்கிவிட்டேன். நட்டைத் தேய்க்க மட்டும் கை நடுங்குகிறது, ஆப்ப சோடா பக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. கீபோர்டு அண்ணனிடம் ஸ்டான்லி கிளார்க் கதையைச் சொன்னேன், "அவர் வாசிச்சா சரி" என்றார்.

பென்னாகரத்துக்காரரே, அடுத்த கூத்து என்றைக்கு?