பிரிட்டன் ஸ்கில்டு ஒர்க்கர் விசா: செஃப் வேலைக்கு இன்னும் வழி இருக்கா?

காவேரிக்கரை (கேள்வி)

கும்பகோணத்தில் ஓர் ஏஜென்ட், என் மச்சினனுக்கு லண்டன் பக்கம் செஃப் வேலை என்று 14 லட்சம் கேட்கிறார். பாதி முன்பணம். மச்சினனுக்கு வயது 29, கேட்டரிங் டிப்ளமோ, ஓட்டலில் 5 வருஷ அனுபவம். வாட்ஸ்அப்பில் வந்த சிஓஎஸ் (அங்குள்ள முதலாளி தரும் ஸ்பான்சர் சான்று) தாளில் தொழில் குறியீடு 5434, சம்பளம் 38,700 பவுண்ட் என்று இருக்கிறது. விசா கிடைக்கும் தொழில்களின் பட்டியல் மாறிவிட்டதே என்று கேட்டால், "இது பழைய தேதியில் போட்ட சிஓஎஸ், பழைய ரூல்தான் செல்லும்" என்கிறார். சரியா? அவன் தம்பி துவாக்குடியில் வெல்டர், ஐடிஐ முடித்தவன். அவனுக்காவது வழி உண்டா?

வெண்ணாறு

முன்பணம் கொடுக்காதீங்க. அந்தத் தாளே தன்னைக் காட்டிக் கொடுக்குது.

5434 என்பது செஃப் குறியீடுதான், அதில் பொய் இல்லை. ஆனால் 2025 ஜூலை 22-லிருந்து இந்த விசாவுக்கான தகுதி நிலை ஆர்க்யூஎஃப் (அங்குள்ள கல்வித் தகுதி அளவுகோல்) 3-இலிருந்து 6-க்கு, அதாவது பட்டப்படிப்பு அளவுக்கு, ஏறிவிட்டது. ஏறக்குறைய 180 தொழில்கள் ஒரே நாளில் வெளியே போயின. செஃப் அதில் ஒன்று. இங்கே ஒரு குழப்பம் வரும்: ஆளுக்கு டிகிரி இருக்கிறதா என்பது பேச்சே இல்லை, வேலையின் குறியீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. மச்சினன் எம்பிஏ படித்திருந்தாலும் 5434-க்கு வெளிநாட்டிலிருந்து புதுசாக விசா கிடையாது.

38,700 பவுண்டும் பழைய கணக்கு. அதே ஜூலை 22-லிருந்து பொதுவான குறைந்தபட்சம் 41,700.

"பழைய தேதி" கதைக்கு வருவோம். ஜூலை 22-க்கு முன் ஒதுக்கிய சிஓஎஸ்ஸுக்குப் பழைய விதி செல்லும் என்பது உண்மைதான். ஆனால் ஒதுக்கின நாளிலிருந்து 3 மாசத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்கணும், இல்லாவிட்டால் அது செல்லாது. அந்தக் கெடு 2025 அக்டோபரோடு முடிஞ்சாச்சு. பாதி உண்மையைச் சொல்லி மீதியை முழுங்குறதுதான் இவங்க தொழிலே.

காவேரிக்கரை

நன்றி சார். ஆனால் போன மாசம்கூட ஒருவருக்கு செஃப் விசா வந்ததாக ஸ்க்ரீன்ஷாட் காட்டினாரே?

வெண்ணாறு

நிஜமாகவே இருக்கலாம். ஜூலை 22-க்கு முன்பே ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் அங்கே இருப்பவர்கள் அதே குறியீட்டில் நீட்டிக்கலாம், கம்பெனி மாறலாம். அது உள்ளே இருப்பவர்களுக்கு விட்ட சலுகை. கும்பகோணத்திலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அது ஒட்டாது.

அடுத்து "செஃப் இல்லேன்னா மேனேஜர்னு போட்டுடலாம்" என்பார், பாருங்க. செய்யப் போகும் வேலைக்குப் பொருந்தாத குறியீடு போட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பொய்த் தகவல், போலித் தாள் என்று முடிவானால் 10 வருஷத் தடை. அது ஏஜென்ட் தலையில் விழாது, மச்சினன் பாஸ்போர்ட்டில்தான் விழும்.

கல்லணை_6ஜி

வெல்டர் தம்பிக்கு மட்டும் சொல்றேன். குறியீடு 5213. இது பட்டப்படிப்பு நிலைக்குக் கீழேதான், ஆனாலும் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலில் (ஆள் கிடைக்காத தொழில்களுக்கு விட்ட விலக்கு) வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கு, மூணு முடிச்சோட.

முதலாவது, அந்தப் பட்டியலுக்கு 2026 கடைசி வரைதான் ஆயுசு போட்டிருக்காங்க. இரண்டாவது, இந்த வழியில் புதுசாகப் போகிறவர் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. கல்யாணம் ஆனவர் என்றால் இதை முதலிலேயே வீட்டில் பேசிடுங்க. மூணாவது சம்பளம்: 41,700 அல்லது அந்தக் குறியீட்டுக்குரிய வழக்கச் சம்பளம், எது அதிகமோ அது. 26 வயசுக்குள் என்றால் தளர்வு உண்டு. ஓவர்டைம், ரூம், சாப்பாடு எதையும் சேர்த்து இந்தக் கணக்கை நிரப்ப முடியாது, உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். ஆஃபர் லெட்டரில் "ஓவர்டைம் உட்பட" என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திடுங்க.

இங்கிலீஷ்தான் நம்ம பசங்களுக்கு இடறும். 2026 ஜனவரி 8 முதல் பி2 நிலை (நடுத்தரத்துக்கு மேலான இங்கிலீஷ்) வேணும். ஐஎல்ட்ஸ் தேர்வு என்றால் யுகேவிஐ (பிரிட்டன் விசாவுக்கென்றே நடத்துவது) வகையே எழுதணும், பேச்சு, கேட்பு, வாசிப்பு, எழுத்து நாலிலும் தனித்தனியா 5.5. சராசரி 6 வந்து எழுத்தில் மட்டும் 5 என்றால் உதவாது. தமிழ் மீடிய ஐடிஐ பையனுக்கு எழுத்துத்தாள்தான் கால் வாரும், இப்பவே ஆரம்பிக்கச் சொல்லுங்க. காசநோய் பரிசோதனையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், சான்றிதழ் 6 மாசம்தான் செல்லும்.

திருவையாறு_தெரு

பணக் கணக்கு யாரும் சொல்லலையே. சிஓஎஸ் கட்டணம், ஸ்பான்சர் லைசென்ஸ் செலவு, ஸ்கில்ஸ் சார்ஜ் (வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கான கட்டணம்) மூன்றும் முதலாளி தலையில். ஆளிடம் வசூலிப்பதே விதிமீறல். நீங்க கட்டுவது விசா கட்டணமும், வருஷத்துக்கு 1,035 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜும் (அங்கே அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்). 3 வருஷ விசா என்றால் 3,105 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டணும்.

நம்ம பக்கம், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 14 லட்சம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அவர் பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் என்ற இந்திய அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்க. பெயர் இல்லை என்றால் சென்னை குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் படங்களை அழிச்சிடாதீங்க.

கம்பெனி பெயரை பிரிட்டன் அரசுத் தளத்தில் உள்ள ஸ்பான்சர் பட்டியலில் தேடுங்க. பெயரோடு ஊரும் ஒத்துப்போகணும், விசா வழி (ரூட்) என்ற இடத்தில் ஸ்கில்டு ஒர்க்கர் என்று இருக்கணும். பட்டியலில் இருந்தாலும் அந்தக் கம்பெனிதான் இந்தத் தாளைக் கொடுத்தது என்று ஆகாது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நேரடியா மெயில் போடுங்க. ஏஜென்ட் கொடுக்கும் மெயில் ஐடிக்கு வேண்டாம்.

செஃப் மச்சினனுக்கு ஆஸ்திரேலியாவை ஒரு கண் பாருங்க. 2024 டிசம்பர் 7-ல் வந்த, 456 தொழில்கள் கொண்ட விசா பட்டியலில் செஃப் இருக்கு, குறியீடு 351311. அனுபவம் ஒரு வருஷம் போதும், ஆனால் நிரூபிக்கணும். சம்பளம் கையில் வாங்கியிருந்தால் அங்கேதான் மாட்டும். பிஎஃப் பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு மூணும் இருக்கா என்று இன்னிக்கே கேட்டுடுங்க.