மண்புழுவை வாயில் வாங்கித் துப்பிவிடும் தேரை: காரணம் என்ன?

கேள்வி (ஈரமண்):
இரண்டு ஆண்டுகளாக ஒரு தேரையை வளர்த்து வருகிறேன். கிரிக்கெட் பூச்சிகளையே தின்று வந்த அதற்கு வேறு உணவும் பழகட்டும் என்று எண்ணி, சென்ற வாரம் என் உரத்தொட்டியிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்துப் போட்டேன். பாய்ந்து பற்றிய தேரை, மறுநொடியே வாயை அகலத் திறந்து, முன்கால்களால் நாக்கை வழித்து வழித்துப் புழுவை வெளியே தள்ளிவிட்டது. மறுநாள் கிண்ணத்தில் வைத்த புழு சுருண்டு அசையாமல் கிடந்தது. தேரை அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மண்புழு அதற்கு ஒவ்வாதா? நறுக்கிக் கொடுத்தால் தின்னுமா?

மறுமொழி (உரக்குழி):
அந்தப் புழுவின் உடலில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி வளையங்களாகத் தெரிகின்றனவா, விரலால் அழுத்தினால் மஞ்சளாக ஒரு நீர் கசிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது மண்புழு உரம் தயாரிக்கப் பயன்படும் ஐசீனியா ஃபெட்டிடா. தொந்தரவு செய்தால் அது நாற்றமுள்ள நீரை வெளியிடும். ‘ஃபெட்டிடா’ என்ற லத்தீன் சொல்லுக்கே நாற்றமடிப்பது என்றுதான் பொருள். பல தேரைகள் அதைத் துப்பிவிடும், கசந்ததை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆகவே குற்றம் மண்புழு இனம் முழுவதன்மேலும் இல்லை. பூச்சிக்கொல்லியோ செயற்கை உரமோ படாத நிலத்தில் கிடைக்கும் சாதாரண மண்புழுவை, சில நாள் கழித்து, கழுவிக் கொடுத்துப் பாருங்கள்.

மறுமொழி (அந்திவேட்டை):
முதல் நாள் நடந்ததற்குச் சுவை காரணம். இரண்டாம் நாள் நடந்ததற்கு அசைவின்மையும் காரணமாக இருக்கலாம். தேரையின் கண்ணுக்கு அசையாத பொருள் இரையே அன்று. யோர்க்-பீட்டர் ஏவர்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் காகித அட்டைத் துண்டுகளைத் தேரைகளின் முன் நகர்த்திச் சோதித்தபோது, நீளவாக்கில் நகர்ந்த பட்டையைப் புழுவென்று கருதித் துரத்திய தேரைகள், அதே பட்டையை நிமிர்த்தி நகர்த்தியபோது பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. எனவே கிண்ணத்தை விட்டுவிட்டு, இருட்டத் தொடங்கும் வேளையில், புழு ஊர்ந்து செல்லும்படி தேரைக்கு முன்னால் தரையில் விடுங்கள். அல்லது முனை மழுங்கிய இடுக்கியால் பிடித்து மெல்ல நெளியவிடுங்கள்.

நறுக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். தேரைக்குப் பல் கிடையாது. எதையும் முழுதாகவே விழுங்க வேண்டும். புழு மிக நீளமாக இருந்தால் நறுக்கலாம். துண்டுகளும் சிறிது நேரம் துடிக்கும் என்பதால் தேரை அவற்றையும் இரையாகக் கருதும். பூச்சிகளைப் பொறுத்தவரை, இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரியது வேண்டாம் என்பதே நான் கைக்கொள்ளும் அளவு.

மறுமொழி (சுண்ணாம்புச்சிமிழ்):
மற்றவர்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலையாகத் தெரிகிறது. கிரிக்கெட் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. இரண்டு ஆண்டுகளாக அதை மட்டுமே, கால்சியப் பொடி தூவாமல் கொடுத்திருந்தால், எலும்பு மென்மையாகித் தாடையும் கால்களும் வளையத் தொடங்கலாம். பூச்சிகளை ஒரு பையிலிட்டுப் பொடியுடன் குலுக்கிய உடனே கொடுங்கள். நேரம் கடந்தால் அவை பொடியைத் துடைத்துக்கொள்ளும். கொடுப்பதற்கு முந்தைய 1 அல்லது 2 நாள்கள் பூச்சிகளுக்கே கீரையும் கேரட்டும் தின்னக் கொடுப்பதும் நல்லது. தின்னாமல் விட்ட பூச்சிகளைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள், அவை இரவில் தேரையின் தோலைக் கடிக்கும். மாவுப்புழுவை எப்போதாவது கொடுக்கலாம். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதன் உடலில் நஞ்சு உண்டு.

கேட்டவர் (ஈரமண்):
அனைவருக்கும் நன்றி. உரத்தொட்டிப் புழுவில் வளையங்களும் இருந்தன, மஞ்சள் நீரும் வந்தது. பொடி இதுவரை தூவியதில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்; இனித் தூவுவேன். நேற்று அந்தியில் தோட்டத்து மண்புழு ஒன்றை முன்னால் ஊரவிட்டேன். தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்த தேரை, பின்னங்கால் விரல்கள் துடிக்க ஒரே பாய்ச்சலில் பற்றி, வாய்க்கு வெளியே தொங்கிய பாதியை முன்கால்களால் உள்ளே திணித்து, இரு கண்களையும் தலைக்குள் அமிழ்த்தி விழுங்கிவிட்டது.