ஸ்ப்ரிங்ஃபீல்டு மதுவிலக்குச் சட்டம்: கிளைமாக்ஸ் போங்கா, நக்கலா?

மொட்டைமாடி: ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊரில் நடக்கும் அமெரிக்க கார்ட்டூன் தொடர் சிம்ப்சன்ஸின் எட்டாவது சீசனில் 1997 மார்ச்சில் வந்த மதுவிலக்கு எபிசோடை மறுபடி பார்த்தேன். ஊர்வலத்தில் பொடியன் பார்ட் போதையாகிவிட, ஊரே கொதிக்கிறது. பழைய சாசனத்தைப் புரட்டினால், 200 வருஷமாகவே ஊரில் மதுவுக்குத் தடை! கடைசியில், திருட்டுச் சரக்கு விற்ற பார்ட்டின் அப்பா ஹோமரைக் கவண்பொறியில் வைத்து வீசப்போகும் நேரத்தில், 'இது 199 வருஷத்துக்கு முன்பே ரத்தாகிவிட்டது' என்கிறார் குமாஸ்தா. சுத்தப் போங்கு.

குமாஸ்தா கனகு: அட, அதுதானே ஜோக்கே! ஊரில் ஒருத்தரும் அந்தக் காகிதத்தை முழுசாகப் படிக்கவில்லை. ஆனாலும் போலீஸ் தலைவர் விக்கமைத் தூக்கிவிட்டு, நிஜ அமெரிக்காவின் மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸை நக்கலடிக்கும் ரெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து கெடுபிடி செய்கிறார்கள்.

மொட்டைமாடி: ஜோக் சரி. கவண்பொறி முன்னால் ஹோமரின் மனைவி மார்ஜ் பேசியதைக் கேட்டு ஊர் மனசு மாறியிருந்தால் அது கதை. நிஜ அமெரிக்காவில் 1920-இல் அமலான மதுவிலக்கு, 1933 டிசம்பரில் 21-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் போனது. சண்டை போட்டு மாற்றினார்கள், அலமாரியில் தேடி எடுக்கவில்லை.

குமாஸ்தா கனகு: அலமாரியில் தேடி எடுத்த கதையும் நிஜத்தில் உண்டு சார். இங்கிலாந்தில் ஆஷ்ஃபோர்ட் எதிர் தார்ன்டன் வழக்கைப் பாருங்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட தார்ன்டன், 'சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்' என்று கையுறையைக் கோர்ட்டில் வீசினார். எல்லோரும் மறந்துபோன உரிமை அது. ஆனால் ரத்தாகவில்லை என்று 1818-இல் நீதிபதிகள் ஒத்துக்கொண்டார்கள். வழக்குப் போட்ட, இறந்த பெண்ணின் அண்ணன் சண்டைக்கு வரவில்லை, ஆள் விடுதலை!

மொட்டைமாடி: அது என் கட்சிக்குத்தான் சாட்சி. அடுத்த வருஷமே பார்லிமென்ட் கூடித்தான் அதை ஒழித்தது. தானாகச் செத்துப்போகவில்லையே?

பின்வரிசை: சட்டம் கிடக்கட்டும். கவண்பொறிக்கு வெள்ளோட்டம் என்று ஒரு பூனையைத் தூக்கி வீசினார்களே, அதற்கு யார் கேஸ் போடுவது?

குமாஸ்தா கனகு: 😂 மொட்டைமாடி சார், சட்டம் ரத்து என்றதும் மேயர் குயிம்பி என்ன செய்தார்? ஊரை மறுபடி சரக்கில் மிதக்கவிட எவ்வளவு நேரமாகும் என்று தாதா ஃபேட் டோனியைக் கேட்டார். நாலு நிமிஷம் என்றார் அவர். மார்ஜ் பேச்சில் மனம் திருந்திய ஊர் என்றால் இந்தக் காட்சி எடுபடுமா?

மொட்டைமாடி: அந்த நாலு நிமிஷம் அருமைதான். குமாஸ்தாவைத்தான் மன்னிக்க முடியவில்லை.